சேர்மதுரை பெயரில் ஆறு வாரம்

எங்கள் கல்லூரியில் ப்ராக்ஸி கொடுப்பதை யாரும் ஏமாற்று வேலையாக நினைத்ததில்லை. வராதவன் பெயரைக் கூப்பிடும்போது வந்தவன் தொண்டையை மாற்றி ‘யெஸ் சார்’ சொல்வது, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துக் கொடுப்பது மாதிரி ஓர் அடிப்படை மரியாதை. நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. கைரேகை இயந்திரம் வைத்தார்கள். நாங்கள் பசையில் விரல் வார்த்தோம். முகம் பார்க்கும் கேமரா வைத்தார்கள். நாங்கள் முகத்தைப் படமெடுத்து நீட்டினோம். இந்த இரண்டைத் தவிர நான்கு ஆண்டுகளில் எங்கள் துறையிலிருந்து வேறு கண்டுபிடிப்பு எதுவும் வெளிவந்ததாகத் தகவல் இல்லை.

பிறகு தலைப்பட்டை வந்தது.

இறுதியாண்டு மாணவர்கள் அனைவருக்கும் எட்டு வாரம் தன்பரிவுப் பயிற்சி, அதாவது தன் மேல் தானே பரிவு காட்டப் பழகுவது, கட்டாயம் என்று மேலிடத்து உத்தரவு. பழைய டிராயிங் ஹாலில் மேசைகளை அகற்றிவிட்டு ஆளுக்கொரு பாய் போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பணகுடி வரைக்கும் காற்றாலைகள். பயிற்சி நடத்த வந்தவர் டாக்டர் ஜெயசீலி, மனநல மருத்துவர். சிரிப்பு வரவேண்டிய இடத்தில்கூடச் சிரிக்காமல் பேசுவார். அதனாலேயே எனக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது.

“இங்க யாரும் நல்லவனா ஆக வேண்டாம்” என்றார். “மூச்சு வருது, போகுது. அதைப் பாத்துக்கிட்டு இருங்க. நடுவுல உள்ள ஒரு ஆளு உங்களைத் திட்டுவான். திட்டட்டும். திட்டுதான்னு தெரிஞ்சா போதும்.”

“யாரு மேடம் திட்டுவா?” என்று கேட்டான் பெனடிக்ட்.

“அதைத்தான் இந்தப் பட்டை சொல்லும்.”

ஒருவன் தன்னைத் தானே திட்டிக்கொள்ளும்போது அந்தத் திட்டு மூளைக்குள் யாரோ ஒருவரின் குரலில்தான் ஓடுகிறதாம். பட்டை அதைப் பிடித்து, அதே குரலில், மாட்டியிருப்பவன் காதில் மட்டும் போட்டுக் காட்டும். அந்தக் குரலே அவனுக்கு அடையாள அட்டையும்கூட. விரலை வார்க்கலாம், முகத்தை நீட்டலாம். தன்னைத் திட்டிக்கொள்ளும் குரலை எவனாலும் இரவல் வாங்க முடியாது என்று இயந்திரத்தைச் செய்தவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் வாரம் பட்டை குரலைப் பதிந்துகொள்ளும். அடுத்த வாரம் வேறு தலையில் மாட்டினால் சிவப்பு விளக்கு.

முதல் அமர்வு முடிந்து விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து யார் யாருக்கு எவர் வந்தார் என்று கணக்கெடுத்தோம். பாதிப் பேருக்கு அப்பா. பெனடிக்டுக்கு அவனுடைய பிளஸ் டூ கெமிஸ்ட்ரி டீச்சர். ஒருவனுக்கு ஒரு பஸ் கண்டக்டர். எட்டாம் வகுப்பில், ஒரே ஒரு தடவை, படியில் நின்றதற்குத் திட்டியவர். அன்றிலிருந்து உள்ளேயே டூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறார், ஓய்வு பெறாமல்.

எனக்கு என் குரலே வந்தது. சொந்தக் குரலில் திட்டிக்கொள்கிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான் என்று டாக்டர் சொன்னார். அதை நான் ஒரு ரேங்க்காக எடுத்துக்கொண்டேன்.

சேர்மதுரை படிக்கட்டில் உட்காரவில்லை. எங்களைத் தாண்டி ஏறிப் போனான்.

“ஏல, ஒனக்கு யாரு?” என்றேன்.

“யாரோ” என்றான்.

சேர்மதுரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடன்குடிப் பக்கம் ஊர். மூன்று வருடம் எனக்கு அறைத்தோழன். கடைசி வருடம் ஆளுக்கொரு அறை கிடைத்தபோது அவன் 214, நான் 216. நடுவில் 215இல் பெனடிக்ட். எங்கள் துறையிலேயே முதலில் வேலை கிடைத்தது அவனுக்குத்தான், பெங்களூரில். அவன் ஊர் முக்கில் பிளெக்ஸ் வைத்தார்கள். கூலிங் கிளாஸ் போட்ட சேர்மதுரை, பக்கத்தில் ஒரு விமானம், கீழே முப்பத்திரண்டு சொந்தக்காரர்களின் தலைகள். ஐந்து மாதம் கழித்து அந்தக் கம்பெனி இரண்டு வரி மெயில் அனுப்பி வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அவன் வீட்டில் சொல்லவில்லை. பிளெக்ஸ் அப்படியே நின்றது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுதி வாட்ஸப் குரூப்பில் வாரம் ஒரு போலிச் சுற்றறிக்கை எழுதுவேன், அப்படியே பிரின்சிபால் நடையில். அதைப் படிக்கத்தான் அந்தக் குரூப்பில் பாதிப் பேர் இருந்தார்கள். மெயில் வந்த வாரம் நான் எழுதியது இது:

‘இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், பிளெக்ஸில் காணப்படும் திரு. சேர்மதுரைக்கும் விடுதி அறை 214இல் காணப்படும் நபருக்கும் இனி எவ்விதத் தொடர்பும் இல்லை. பிளெக்ஸ் நபர் பணியில் தொடர்வார். அறையில் உள்ளவர் உபரியாகக் கருதப்படுவார்.’

நூற்றி நாற்பது பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். சேர்மதுரையும் போட்டான். அவனே போட்டுவிட்டான் என்பதால் அது நல்ல ஜோக் என்று முடிவு செய்தேன். குரூப்பில் போடுவதற்கு முன் அவன் அறைக்குப் போய் அவனுக்கே வாசித்துக் காட்டினேன். ‘உபரியாக’ என்பதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். அதில்தான் வேலை இருக்கிறது.

இரண்டாம் வாரம் அவன் பயிற்சிக்குக் கிளம்பவில்லை. மூன்று வாரம் போகாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை.

“நான் வரல. என்னால முடியாதுல” என்றான்.

“சும்மா கண்ண மூடிக்கிட்டு ஒக்காரதுக்கு என்ன?”

“நீ ஒக்காருவியா?”

அதை அவன் எந்த அர்த்தத்தில் கேட்டானோ. நான் கேட்டுக்கொண்டது ஒரே அர்த்தத்தில்தான். அவனுடைய அடையாள அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் முறை புதன், அவன் முறை வியாழன். அந்த வாரம் விடுதியில் மொத்தம் எட்டுப் பேர் ப்ராக்ஸிக்குத் துணிந்தோம். ஏழு பேருக்குச் சிவப்பு விளக்கு எரிந்து, ஏழு பேரும் வார்டன் அறைக்கு வெளியே நின்றார்கள். சேர்மதுரை பெயரில் உட்கார்ந்த எனக்கு மட்டும் பச்சை. வந்த ஆள் யார் என்று பட்டைதான் பார்க்கும் என்பதால் டாக்டர் தலை எண்ணுவதோடு சரி. மாலையில் மெஸ்ஸில் எனக்குக் கைதட்டல். எப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களிடம், அது ஒரு கலை என்றேன்.

ஆறு வாரம் அப்படிப் போயிற்று. முதலில் தூங்கினேன். பிறகு தூக்கம் வரவில்லை, குரல்தான் வந்தது. அது என் குரலில் என்னைப் பற்றியே சுற்றறிக்கை வாசித்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஜோக்கை இறக்கியது. வெளியிலிருந்து கேட்டபோது அதில் சிரிப்பு இல்லை என்பது தெரிந்தது.

டாக்டர் பாய்களுக்கு இடையில் நடந்துகொண்டே பேசுவார். “அவனை விரட்டாதீங்க. வலிக்குதுன்னா வலிக்குதுன்னு ஒத்துக்கோங்க. இது எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் உள்ளதுன்னு நெனச்சுக்கோங்க. இப்ப எனக்கு நான் என்ன செய்யலாம்னு கேளுங்க. ஒரு சிநேகிதன் வந்து அழுதா என்ன சொல்லுவீங்க? அதைச் சொல்லுங்க.”

“அப்படிச் சொன்னா பொய்யா இருக்கு மேடம்” என்றான் ஒருவன்.

“இருக்கும். சொந்தக் குரலு இன்னும் வரல, அதான். அடுத்தவனைப் பாத்து மனசு எளகும்லா, ஒரு நிமிஷம்? அப்ப உள்ள பேசுறது நீங்கதான். அதைக் கவனிங்க. மீதி தானா வரும்.”

எனக்கு வந்தது. சேர்மதுரை பெயரில் பாயில் உட்கார்ந்து, மூச்சைப் பார்த்து, வலிக்கிறது என்று ஒத்துக்கொண்டு, என் தோளில் நானே கை வைத்துக்கொள்ளக் கற்றேன். ராத்திரி பல்லைக் கடிப்பது நின்றது. சுற்றறிக்கை எழுதுவதும் எப்படியோ நின்றுபோனது; யாரும் கேட்கவுமில்லை. கெட்டவன் ஆவதைப் போலவே நல்லவன் ஆவதும் ஆளுக்குத் தெரியாமல்தான் நடக்கிறது.

ஏழாம் வாரக் கடைசியில் பலகையில் மதிப்பெண் பட்டியல் ஒட்டினார்கள். உள்ளே திட்டு குறையாதவர்கள் சிவப்பில்; ஆரம்பத்திலிருந்தே அவர்களை வார்டன் தினமும் பார்ப்பார், டாக்டர் வாரம் இருமுறை பேசுவார். பச்சையில் இருப்பவர்களை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். பச்சையில் முதல் பெயர் சேர்மதுரை. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. அவனுக்கு விருது உண்டு. ஆண்டு விழா மேடையில் ‘என்னை நான் நேசித்த கதை’ என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். இந்த அளவுக்கு நல்ல ஒரு ஜோக்கை நான் எழுதியதே இல்லை. அவனிடம் சொல்ல, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு இரண்டு படியாக ஏறினேன்.

214 பெருக்கித் துடைத்திருந்தது. சேர்மதுரை ஷேவ் செய்து, தலை வாரி, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். மேசையில் அவன் பொருட்களெல்லாம் வரிசையாக இருந்தன. கால்குலேட்டர், கிரிக்கெட் மட்டை, ஷூ, இஸ்திரிப் பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு, சீட்டில் ஒரு பெயர். டேபிள் ஃபேனில் என் பெயர்.

“என்னல, கண்காட்சியா?” என்றேன்.

“மெஸ்ல சொல்லிட்டேன். நாளைலேருந்து எனக்குச் சாப்பாடு வேண்டாம்னு.”

“ஊருக்குப் போறியா?”

“இல்ல.”

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன், வாய் தானாகச் சொல்லிற்று. “ஒனக்கு அவார்டுல. தன்பரிவுல நீதான் ஃபர்ஸ்ட். மேடைல பேசணுமாம்.”

“பிளெக்ஸ்காரன் பேசுவான்” என்றான். கொஞ்சம் நிறுத்தினான். “நான் உபரிதான.”

நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக நிறுத்தியிருந்தான்.

நான் அடுத்த அறைக் கதவைத் தட்டிப் பெனடிக்டை இழுத்து வந்தேன். “நான் வர்ற வரைக்கும் இவனை விட்டு நகராத. பாத்ரூம் போனாலும் கூடப் போ.” பெனடிக்ட் எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தான். மேசையைப் பார்த்தான். கேட்காமல் சேர்மதுரை பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் தோளில் கை போட்டுக்கொண்டான்.

டாக்டர் ஜெயசீலி டிராயிங் ஹாலில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“மேடம், அந்தத் தொண்ணூத்தி நாலு என்னோடது” என்றேன். “சேர்மதுரை மொத வாரத்துக்கு அப்புறம் வரவே இல்ல. பச்சைன்னு போட்டதால அவனை யாரும் பாக்கல. இப்ப அவன் சாமானுக்கெல்லாம் பேரு எழுதி ஒட்டி வச்சிருக்கான்.”

அவர் என்னைத் திட்டவில்லை. வார்டனுக்குப் போன் செய்து 214க்குப் போகச் சொன்னார். அவருடைய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஒரு படுக்கையும் ஆம்புலன்ஸும் கேட்டார். சேர்மதுரை வீட்டு எண்ணை வாங்கி அவன் அப்பாவிடம், பதறாமல் கிளம்பி வாருங்கள் என்று இரண்டு முறை சொன்னார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“ஒக்காரு, இசக்கி. பட்டை ஒன்னை எப்படி ஒத்துக்கிச்சு?”

“தெரியல மேடம். மாட்டினேன், பச்சை எரிஞ்சுது. மெஷின் ஃபால்ட்டுன்னு நெனச்சேன்.”

அவர் கம்ப்யூட்டரில் இரண்டு குரல்களின் கோடுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வரவழைத்தார். மேலே சேர்மதுரையின் முதல் வாரம், கீழே என்னுடைய முதல் வாரம். மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம். நிறுத்தங்கள்கூட ஒரே இடத்தில்.

“மெஷின்ல ஃபால்ட்டே இல்ல, தம்பி.”

எனக்கு உடனே புரியவில்லை என்று சொல்லலாம். பொய். உடனே புரிந்தது.

“ஒவ்வொருத்தன் தலைக்குள்ளயும் ஒவ்வொரு குரலு, அதனால இதுவே பூட்டுக்குப் போதும்னு செஞ்சவங்க நெனச்சாங்க” என்றார். “ஒருத்தன் தலைக்குள்ள கெடந்து திட்டுறவன் ரெண்டு ரூம் தள்ளி உசுரோட இருப்பான், அவனே வந்து ப்ராக்ஸியும் ஒக்காருவான்னு நெனக்கல. அவங்க எஞ்சினியரிங் காலேஜ்ல படிச்சதில்ல போல.” மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். “யார் குரல்னு எழுதுற எடத்துல இந்தப் பையன் ‘நண்பன்’னு மட்டும் எழுதியிருக்கான். யாருன்னு கேக்க அவனைத் தேடுனேன். அதுக்குள்ள பச்சை ஆயிட்டான். விட்டுட்டேன். அது என் தப்பு.”

ஆறு வாரம். அவனுக்குக் கொடுத்த மருந்தை வாரந்தோறும் வரிசையில் நின்று வாங்கி நானே குடித்திருக்கிறேன். நோயும் நான் கொடுத்ததுதான்.

“என்னை டிபார் பண்ணிருங்க மேடம். எழுதிக் குடுக்கேன்.”

“எழுதிக் குடு. அது தனியா நடக்கும்.” என்னை உற்றுப் பார்த்தார். “ஆனா இப்ப கேக்குறது யாரு? நீயா, உள்ள இருக்கற ஆளா? தண்டனை கெடச்சா ஒனக்கு நிம்மதியா இருக்கும். அவனுக்கு அதுல என்ன இருக்கு?”

கேட்பது நானா, உள்ளே இருப்பவனா என்று பிரித்துப் பார்க்க மட்டும் ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ளவில்லை.

வார்டனும் பெனடிக்டும் சேர்மதுரையைக் கூட்டி வந்தார்கள். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும். டாக்டர் ஒரே ஒரு பாயை விரித்து அவனை உட்காரச் சொன்னார். மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு, அவன் எதிரில் தரையில் சம்மணம் போட்டார், பக்கத்தில் என்னையும் உட்கார வைத்து.

“ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஒங்க அப்பா வாராரு. அதுவரைக்கும் இந்தக் குரலைக் கொஞ்சம் கேப்போமா? ஸ்பீக்கர்ல போடலாம்னு நெனக்கேன், இசக்கியும் கேக்கட்டும். நீ வேண்டாம்னு சொன்னா வேண்டாம்.”

சேர்மதுரை தலையைக் குனிந்து காட்டினான். “போடுங்க.”

பட்டையை மாட்டினார். சுவரில் இருந்த ஸ்பீக்கரில் நான் பேசினேன்.

‘சுற்றறிக்கை எண் நூற்றிப் பதினேழு. அறை 214இல் உள்ள உபரி நபர் இன்று காலை பல் துலக்கியதாகத் தகவல். யாருக்காக என்பது விசாரணையில் உள்ளது.’

அதே குரல். அதே நிறுத்தம்.

‘சுற்றறிக்கை எண் நூற்றிப் பதினெட்டு. மேற்படி நபரின் தாயார் இன்றும் போனில் அழைத்தார். மகன் நலமாக இருப்பதாக பிளெக்ஸ் தெரிவித்தது.’

அவனைப் பற்றி நான் எழுதியது ஒன்றுதான். மீதி நூற்றிப் பதினேழையும் அவன் எழுதியிருக்கிறான், என் குரலில், ஒரு வாசகர்கூட இல்லாமல். என்னைவிட நன்றாக எழுதியிருந்தான்.

‘சுற்றறிக்கை எண் நூற்றிப் பத்தொன்பது. எதிரில் அமர்ந்துள்ள எழுத்தாளருக்கு மேற்படி நபரால் ஏற்பட்ட நேர விரயத்துக்கு நிர்வாகம் வருந்துகிறது.’

தாங்க முடியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், ஆறு வாரமாகப் பழகிய வாக்கியங்களை. “ஒனக்கு வலிக்குதுல. எனக்குத் தெரியும். இது ஒனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்…”

அவன் என்னைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டான்.

“இதையும் குரூப்ல போட்ருவியா?”

அப்போதுதான் என் காதிலும் விழுந்தது. அந்த ஹாலில் இரண்டு இடத்திலிருந்து ஒரே குரல் வந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்து ஒன்று, என் வாயிலிருந்து ஒன்று. எது கேலி, எது பரிவு என்று பிரித்துச் சொல்ல அவனிடம் எந்த வழியும் இல்லை. நான்கு வருடமாக எல்லாவற்றையும் ஒரே தொனியில் சொன்னவன் நான். அந்தத் தொனியில் உண்மையைச் சொன்னால் அதுவும் சுற்றறிக்கைதான்.

“பேசாத” என்றார் டாக்டர் என்னிடம். “இரு. அவ்வளவுதான்.”

இருந்தேன். அவன் எதிரில், தரையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. நூற்றி இருபது வந்தது. நூற்றி இருபத்தொன்று வந்தது. ஒவ்வொன்றும் என் குரலில் வந்து என் மேலேயே இறங்கியது. மறுத்துச் சொல்ல வாய் வந்தபோதெல்லாம் டாக்டரின் கை லேசாக உயர்ந்தது. எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அழுகையில் எனக்குப் பயிற்சி கிடையாது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன், மூக்கு ஒத்துழைக்கவில்லை.

சேர்மதுரை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். ஸ்பீக்கரில் நூற்றி இருபத்தி மூன்று பாதியில் நின்றது. பிறகு அதே ஸ்பீக்கரில் வேறொரு குரல் வந்தது, தயங்கித் தயங்கி. கரகரப்பான, உடன்குடிக் குரல்.

‘பாவம்… கர்சீப் கொண்டாரல போல.’

டாக்டர் எழுந்து போய் ஸ்பீக்கரை அணைத்தார். “நீ வெளிய இரு, இசக்கி. இனி இது அவனோட சொந்த விஷயம்.”

சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கால் மரத்திருந்ததால் வாசலுக்குப் போக நேரமாயிற்று. பின்னால் டாக்டர் அவனிடம் கேட்டார்.

“இப்ப பேசுனது யாரு?”

நான் கதவைச் சாத்திய பிறகு பதில் வந்தது, தாழ்ந்த குரலில், அவனுக்கே சந்தேகமாக.

“நான்தான்னு நெனக்கேன்.”